மெஸ் பெஞ்சில் ஒரு ஓட்டு

மலையாள நாட்டுத் தலைநகரில், வலியசாலையில் நாகலக்ஷ்மி நடத்திய சாப்பாட்டு மெஸ்ஸுக்குக் கட்சி கிடையாது. ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வும் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வும் ஒரே பந்தியில் உட்காருவார்கள். ரசம் இரண்டு பேருக்கும் ஒரே சூட்டில் விழும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனாலும் இலையின் நுனி எந்தப் பக்கம், உப்பு எந்த மூலை என்பதில் ஒருநாளும் பிசகியதில்லை. புதிதாக யார் வந்தாலும், சாதம் வைத்த கையோடு அவள் சொல்லும் முதல் பேச்சு ஒன்றே.

"சட்டசபையில பேசறதை எல்லாம் எழுதறது என் தம்பியாக்கும்."

தம்பி ராமசுப்ரமணியன் சட்டசபையில் சுருக்கெழுத்து ரிப்போர்ட்டர். தற்காலிக வேலை. பல வருஷமாகியும் நிரந்தரமாகவில்லை.

அந்த மார்ச் மாதம் மந்திரிசபை ஒரே ஓட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. முழு பட்ஜெட்டையும் பேசி முடிக்க நாளாகும். அதுவரை நாலு மாதச் செலவுக்காவது மாசக் கடைசிக்குள் சபை சம்மதித்தாக வேண்டும். எதிர்க்கட்சி அதற்கும் விடவில்லை. தினமும் கூச்சல், வெளிநடப்பு, திரும்பி வந்து மறுபடி கூச்சல். ராமு சாயங்காலம் வந்ததும் வலது கையை நீட்டுவான். அவள் தைலம் தடவி விரல்களை நீவிவிடுவாள்.

"இது பாஸ் ஆகலேன்னா என்னடா?"

"மந்திரிசபை போயிடும். சபையைக் கலைப்பா. எங்களை மாதிரி டெம்பரரியை எல்லாம் ஆத்துக்குப் போகச் சொல்லுவா."

"நான் வேணா சாப்பிட வரவாகிட்ட ஒரு வார்த்தை…"

"ஒண்ணும் பேசப்படாது அக்கா. நான் ரெண்டு பக்கத்துக்கும் எழுதறவன். நீ ரெண்டு பக்கத்துக்கும் பரிமாறு. அதோட விடு."

கடைசி நாள் மத்தியானம் சபை இடைவேளையில் தாசையனும் கோலப்பனும் சாப்பிட வந்தார்கள். இருவரும் தெற்கே தமிழ் எல்லையோரத்துக்காரர்கள். தாசையன் ஆளுங்கட்சி, கோலப்பன் எதிர்க்கட்சி. சாப்பிட்டதும் சுவரோரப் பெஞ்சில் தாசையன் படுத்துவிடுவார். மூன்று மணிக்குக் காப்பியோடு அவள் எழுப்புவது வழக்கம். அன்றும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தார்.

கோலப்பன் கைகழுவி வந்து குரலைத் தாழ்த்தினார். "ரெண்டரைக்கு ஓட்டெடுப்பு. இவரை எளுப்பாண்டாம் அக்கா, கேட்டியளா? பாவம், நல்ல க்ஷீணம் உண்டு. ஒறங்கட்டு." சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

நாகலக்ஷ்மி கரண்டியும் கையுமாக நின்றாள். வழக்கப்படி மூன்று மணிவரை விட்டால் அது ஒரு கட்சி. இப்போது எழுப்பினால் அது இன்னொரு கட்சி. விடியுமுன் அடுப்புப் பற்றவைத்த உடம்பு எங்கேயாவது உட்காரு என்று கெஞ்சியது. உட்காரவில்லை. போய்ப் பெஞ்சைத் தட்டினாள்.

"எழுந்திருங்கோ. ஓட்டு இருக்காம்."

துண்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "நான் ஒறங்கல்ல அக்கா."

"பின்னே?"

"எங்க ஊர்க் கால்வாய் இந்தத் தடவையும் பட்ஜெட்டுல இல்ல. சரீண்ணு கை பொக்கி ஓட்டுப் போட்டா ஊருல தலைகாட்ட முடியாது. இல்லேண்ணு சொன்னா கட்சி தள்ளிரும். ஒறங்கிப் போறது மனுஷனுக்கு உள்ளதுதானே."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்க கால்வாய் எனக்குத் தெரியாது. நீங்க போகலேன்னா என் தம்பிக்கு வேலை இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

சாப்பிட வந்தவர்களிடம் அவள் தனக்காக ஏதாவது கேட்டது அதுதான் முதல் தடவை. தாசையன் துண்டை விலக்கி அவளைப் பார்த்தார்.

"அதுக்காக்கும் எளுப்பினது?"

"ஆமாம்."

எழுந்து முகம் கழுவினார். மெஸ் துண்டில் துடைத்து, அதையே தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

சாயங்காலம் ராமு வந்தான். உட்காரவில்லை.

"பாஸ் ஆயிடுத்து. ஒரு ஓட்டுல. ஓட்டெடுப்புக்குக் கதவடைக்கற நேரத்துக்குத் தாசையன் வந்தார். தோள்ல நம்மாத்துத் துண்டு."

அவள் உள்ளங்கையில் தைலத்தை ஊற்றிக்கொண்டு காத்திருந்தாள்.

"நீயா எழுப்பினே?"

"நான்தான்."

"வேண்டாம்னு சொன்னேனே அக்கா."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு கையை நீட்டினான். கை அவ்வளவு வலித்தது.

மறுநாள் தாசையன் வரவில்லை, ஊருக்குப் போய்விட்டார். கோலப்பன் வந்தார். பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்தார்.

"அக்காயும் கட்சியில சேர்ந்தாச்சு, இல்லியா?"

அவள் மோர் ஊற்றினாள்.

"இது நாலு மாசத்துக்குத்தான். முழு பட்ஜெட் இனிதான் வரணும். அப்போளும் ஓட்டெடுப்பு உண்டு. அவரு அப்போளும் ஒறங்குவாரு."

"இன்னும் கொஞ்சம் மோர் விடட்டுமா?" என்றாள்.

பந்திக் கடைசியில் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சாதம் வைத்தாள். தம்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.