கம்மோடு காயும் வரை

முனிசாமி மேஸ்திரி திருப்போரூரில் கம்மோடு பதிப்பவர். பதித்து முடித்ததும் மூடிமேல் தானே உட்கார்ந்து இப்படியும் அப்படியும் ஆடிப் பார்ப்பார். பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு எதையோ கேட்பார். ஆறு வருடமாக அவரிடம் சித்தாளாக இருக்கிறேன். அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும்.

நாலு வருடத்துக்கு முன்பு தன் வீட்டிலேயே ஒன்று பதித்தார். துளை போட்டால் புது டைல்ஸ் விரிசல் விட்டுவிடும் என்று ஸ்க்ரூ போடவில்லை. வெறும் வெள்ளைச் சிமெண்டுதான். "நாளைக்கு வரைக்கும் உக்காராத" என்று மனைவி செங்கம்மாளிடம் சொல்லிவிட்டு நெம்மேலிக்கு வேலைக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தைதான். அந்த வீட்டில் வேறு கக்கூஸ் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது கம்மோடு சரிந்து கிடந்தது. செங்கம்மாள் அக்கா சுவரோரம் கிடந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. நடுவில் ஓட்டை உள்ள இரும்பு நாற்காலி ஒன்றை வாங்கி வந்தார். மூன்று மாதம் அதில் உட்கார்ந்தாள். பிறகு அவள் இல்லை.

அதற்கப்புறம் அவர் ஸ்க்ரூ இல்லாமல் எதையும் பதித்ததில்லை. அப்படியும் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்பதாகச் சொல்வார்.

போன மாதம் ஆராவமுதன் ஐயா வீட்டில் வேலை. பழைய கம்மோடு ஆடி, அடியில் ஒழுகிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி, தரையைச் சுரண்டிக் காயவைத்து, இரண்டு பக்கமும் துளை போட்டு ஸ்க்ரூ முறுக்கினோம். மேஸ்திரி அடியைச் சுற்றி சிலிக்கான் பசை பூசினார்.

"பின்னாடி ரெண்டு விரற்கடை விட்டுட்டேளே, மறந்துட்டேளா?" என்றார் ஐயா.

"மறக்கல சாமி. உள்ளார ஒழுகுச்சின்னா தண்ணி அதுவழியா வந்து சொல்லிடும். சுத்தி அடைச்சா கம்முனு கெடந்து அழுகிப்பூடும்."

"அப்போ பேசற கம்மோடுன்னு சொல்லுங்கோ."

மேஸ்திரி சிரித்தார். கை கழுவிக்கொண்டே, "நாளைக்குக் காலைல வரைக்கும் யாரும் உக்காராதீங்க சாமி" என்றார்.

"நான் மாடிக்குப் போயிடுவேன். கோமளம் எங்க போவா? இடுப்பு ஆபரேஷன் ஆகி அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து வராளே! அவளுக்காகத்தானே இவ்வளவும்."

மேஸ்திரியின் கை குழாயடியிலேயே நின்றுவிட்டது. தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. நான்தான் குழாயை மூடினேன்.

"கேட்டுச்சா சங்கரி?" என்றார் மெதுவாக.

"இல்லண்ணே. ஒண்ணும் ஆடல."

"எனக்குக் கேட்டுது."

வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அரை மணி நேரத்தில் அந்த நாற்காலியோடு வந்தார். அக்காவின் பச்சைச் சேலையில் சுற்றியிருந்தது. நாலு கால்களிலும் புது ரப்பர். நாலு வருடமாக யாரும் உட்காராத நாற்காலிக்கு அவர் ரப்பர் மாற்றி வந்திருக்கிறார். பிளீச்சிங் பவுடர் போட்டு நான் கழுவினேன். நாலு காலையும் அவரே அழுத்திப் பார்த்தார்.

கோமளம் அம்மா வந்ததும் ஐயா அவரைத் தாங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடியது. மேஸ்திரி வெளியே தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல்தான் வந்தது. "ஏன்னா, யாரோட நாற்காலி இது? அசையவே இல்லையே!"

மேஸ்திரி சேலையை மடிக்க ஆரம்பித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

மறுநாள் காலையில் போய் கம்மோட்டில் உட்கார்ந்து பார்த்தார். பாறைபோல் நின்றது. "நாற்காலி இங்கேயே இருக்கட்டுமே, ரெண்டு நாள்?" என்றார் ஐயா. "இல்ல சாமி, அது வூட்டுக்குப் போவணும்" என்று அதன்மேல் சேலையைச் சுற்றிக் கட்டினார்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டேன். கோயில் குளத்தைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தார்.

"கெட்டியா புடிச்சிக்கம்மா. ஆடுது."

ஆடவில்லை. "புடிச்சிக்கினுதான் கீறேன்" என்று சொல்லி, இரண்டு கையாலும் சேர்த்து அணைத்துக்கொண்டேன்.