கணபதிசுப்பிரமணியன் வீட்டு ஏழு குழாய்கள்

கணபதிசுப்பிரமணியன் எனக்கு நாற்பத்திரண்டு ரூபாய் தர வேண்டியிருந்தது. ஏழு குழாய்களின் விலை அது. சமையலறைக்குப் பித்தளையில் இரண்டு, ஒன்று நாலரை ரூபாய். குளியலறைக்கு நிக்கல் பூசிய சீமைக் குழாய் இரண்டு, ஒன்று பன்னிரண்டு. கொல்லையில் கைகால் கழுவச் சின்னதாக மூன்று, ஒன்று மூன்று ரூபாய். கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் கூட்டலில் என்னை எவனும் ஏமாற்றியதில்லை. கழித்தலில்தான் அவர் கெட்டிக்காரர்.

திருத்தணி அப்போது ஆந்திராவோடு இருந்தது. தாலுகா ஆபீசில் தெலுங்கில் மனு எழுதிக் கொடுத்த காலம். ஊரில் குழாய் விற்ற கடை என்னுடையது ஒன்றுதான். கே.ஜி.கண்டிகையில் அரை ஏக்கர் மானாவாரி நிலத்துக்குப் பங்காளியாகப் பிறந்த மூன்றாவது பிள்ளை நான். ஸ்டேஷன் ரோட்டில் சாக்கு விரித்து ஆணி விற்றேன். பிறகு தகரக் கொட்டகை போட்டேன். பிறகு 'ஆதிகேசவன் இரும்புக்கடை' என்று பலகை மாட்டினேன். பலகைக்குப் பெயிண்ட் அடித்ததும் நான்தான். ஒருவர் கை என்னைத் தூக்கிவிட்டதாகச் சொல்ல முடியாது.

கணபதிசுப்பிரமணியன் கதை வேறு. மலைக்கோயில் மடைப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகச் சமைத்த குடும்பம். அவருடைய அப்பா, தம்பி எல்லாரும் புகையில் கண் எரிய நின்று யோக்கியமாகப் பிழைத்தவர்கள். இவருக்கு அது போதவில்லை. தன் முறையைத் தம்பி தலையில் கட்டிவிட்டுக் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்தார். முதல் போட்டவர் மாமனார். மெட்ராஸ், அரக்கோணம், மணவூர் என்று எங்கே போனாலும் அண்டாவுக்கு முன்னால் நின்றவர் தம்பி. சாமான் வாங்கி அளந்து கொடுத்தவள் விதவை அக்கா சீதாலட்சுமி. இவர் பந்தலில் விசிறியோடு உட்கார்ந்திருப்பார். சாம்பாரைப் புகழ்ந்தால் இவர் வாங்கிக்கொள்வார். உப்பு தூக்கல் என்றால் தம்பியைக் கூப்பிடுவார். நெய்க் கரண்டியின் குழியைச் சுத்தியலால் தட்டி நிரவி வைத்திருந்தார் என்று சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. நம்புகிறேன்.

அவர் போய் வருஷங்கள் ஆகின்றன. போனவரை நல்லவர் என்று சொல்வது ஊர் வழக்கம். எனக்கு அந்த வழக்கம் இல்லை.

மகள் அபிராமசுந்தரிக்கு மெட்ராஸில் மாப்பிள்ளை அமைந்தான். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அப்பா கை கழுவக் கொல்லைப் பக்கம் போனவர், "இங்கே குழாய் கிடையாதா?" என்று சும்மா ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். அந்த ஒரு வார்த்தை இவருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. தை மாதம் கல்யாணம், திருத்தணியிலேயே. சம்பந்தி வீட்டார் நாலு நாள் இவர் வீட்டில் தங்கப் போகிறார்கள். கிணற்றடியில் நாலு தூண் எழுப்பி அதன்மேல் சிமெண்டுத் தொட்டி கட்டினார். பங்காரு என்ற ஆளை மாதச் சம்பளத்துக்கு வைத்தார். பங்காரு கிணற்றில் இறைத்துக் குடம் குடமாக ஏணியில் ஏறித் தொட்டியில் ஊற்ற வேண்டும். தொட்டியிலிருந்து குழாய் வழியாக அதே தண்ணீர் கீழே வரும். இதற்குப் பெயர் நாகரிகம்.

இரும்புப் பைப்பு பழசாக மெட்ராஸில் பாதி விலைக்கு வாங்கினார். அங்கே குழாய்க் கடையில் ரொக்கம் கேட்டார்கள். அதனால்தான் என் கடைக்கு வந்தார்.

"ஏண்டா ஆதிகேசவா, பித்தளைக் குழாய் நாலரையா? அந்தக் காசுக்கு ரெண்டு சொம்பு வாங்கிடுவேனே."

"சொம்புல தண்ணி தானா வராதுங்க ஐயரே."

"பாத்ரூமுக்கு என்னத்துக்குப் பன்னெண்டு? வெள்ளியிலேயா பண்ணியிருக்கான்?"

"நிக்கலுங்க. வேணாம்னா அங்கியும் பித்தளையே போட்டுக்குங்க. நாலரைதான்."

அவர் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சம்பந்தி குளிக்கிற எடம்டா அது. நிக்கலே குடு. சமையலறையை எவன் எட்டிப் பார்க்கப் போறான்."

சமைத்துச் சாப்பிட்ட குடும்பத்தில் பிறந்தவர் பேச்சு இது. கார்த்திகை முகூர்த்தப் பணம் கைக்கு வந்ததும் என் பணம்தான் முதலில் என்றார். கொடுத்தேன்.

குழாய் பூட்டிய அன்று தெருவையே கூப்பிட்டார். குளியலறைக் குழாய்க்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, கதம்பம் சுற்றி, தேங்காய் உடைத்தார். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவரே திருகினார். தண்ணீர் வந்தது. தான் மலையைப் பிளந்து கொண்டுவந்த கங்கை மாதிரி கையில் பிடித்துத் தலையில் தெளித்துக்கொண்டார். மேலே ஏணியில் பங்காரு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதை யாரும் பார்க்கவில்லை.

கார்த்திகை போயிற்று. மார்கழி போயிற்று. மூன்று கல்யாணச் சமையல் முடித்துவிட்டார். என் பணம் வரவில்லை.

அந்தக் குழாய்கள் நான் பாரிமுனை மொத்தக் கடையில் கடனுக்கு எடுத்துவந்தவை. மாதம் ஒருமுறை அவர்களுடைய வசூல்காரர் ரயிலில் வருவார். மார்கழியில் வந்தவர் என் தோளில் கை வைத்து, "அடுத்த மாசம் மொத்தமும் வெச்சிடுங்க ஆதிகேசவன். இல்லேன்னா உங்க பேருக்கு ஒரு ஆணி ஏத்தாதேன்னு மொதலாளி சொல்லிட்டாரு" என்றார். சரக்கு வராவிட்டால் இரும்புக்கடை வெறும் தகரக் கொட்டகை. மறுபடி சாக்கு விரிக்க வேண்டியதுதான்.

என் மனைவி தாயம்மாள் காதிலிருந்து கம்மலைக் கழற்றி முன்னால் வைத்தாள். "அந்த ஆளு தரமாட்டாரு பாவா. இத்த எடுத்துக்கினு போயி கடனைக் கட்டு."

"உன் கம்மலை வித்து ஐயரு வூட்ல குழா ஓடணுமா? எடுத்துப் போடு காதுல" என்றேன்.

தை பிறந்ததும் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அங்கே ஒரு ரகளை முடிந்து அடங்கியிருந்தது. சமையலறைக் குழாய் ஒன்று சொட்டியதாம். பூட்டிய ஆளை அழைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவன் குழாயின் தலையைக் கழற்றி, உள்ளே தண்ணீரை அடைக்கிற கறுப்பு வில்லையை எடுத்துத் தரையில் வைத்திருக்கிறான். அதை வாசர் என்பார்கள். சீதாலட்சுமி அம்மாள், "அது என்னதுடா?" என்று கேட்க, அவன் கள்ளமில்லாமல், "மாட்டுத்தோலுங்கம்மா" என்றிருக்கிறான். அவ்வளவுதான். அந்தக் குழாய்த் தண்ணீர் பட்ட பாத்திரமெல்லாம் கொல்லைக்கு வந்துவிட்டது.

அந்த அம்மாளை நான் குறை சொல்ல மாட்டேன். ரயிலில் போனால் ஊர் திரும்பும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பவள். நியமம் என்றால் நியமம். அன்றிலிருந்து தன் குடத்தில் தானே இறைத்துச் சமைத்தாள். யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. கணபதிசுப்பிரமணியன்தான் அந்தத் தோலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"பணமா? எந்த வாயாலேடா கேக்கறே? மாட்டுத்தோலை வித்து என் கிருகத்தையே தீட்டாக்கிட்டியே. புண்ணியாகவாசனத்துக்கு நீதான் எனக்குப் பணம் தரணும்."

"ஐயரே, மெட்ராஸ்ல முன்னூறு எலைக்குச் சமைக்கிறீங்களே, அங்க எந்தத் தண்ணிங்க?"

"கார்ப்பரேஷன் ஜலம்."

"அது எதுல வருது?"

கொஞ்சம் யோசித்தார். "அது காண்ட்ராக்ட். இது கிருகம்."

"பாத்ரூம் குழாலயும் தோலு கீதே. அதுல காலையில குளிச்சீங்களே."

"ஸ்நானத்துக்கு தோஷமில்லை. உன்னோட எனக்கு என்ன தர்க்கம்? தோலை எடுத்துண்டு போ. ஏழு குழாயிலேயும் எடு. தோல் என் வீட்டை விட்டுப் போற வரைக்கும் காலணா தரமாட்டேன்."

"எடுக்கறேங்க. ஆனா எடுத்துட்டா…"

"நீ ரெண்டாம் கிளாஸ். எனக்குச் சொல்லித் தராதே. எடுடா."

எடுத்தேன். தொட்டி அப்போது காலி. ஏழு குழாயின் தலையையும் கழற்றி, ஏழு வாசரையும் மடியில் கட்டிக்கொண்டு, தலைகளை மறுபடி பூட்டிக் கொடுத்தேன். பணம் கேட்டேன். நாளைக்கு என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பங்காரு தொட்டியில் ஊற்ற ஆரம்பித்தான். ஊற்ற ஊற்ற ஏழு குழாயும் ஊற்றின. தொட்டிக்கு அடியில் மொத்தமாக அடைக்க ஒரு வால்வு இருந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கட்டும்போதே பூட்டியவன் கேட்டானாம், ஒன்பது ரூபாய் தண்டம் என்று இவர் வேண்டாம் என்றாராம். பங்காருதான் மறுநாள் டீக்கடையில் எல்லாருக்கும் சொன்னான்.

"நானும் ஊத்திக்கினே கீறேன், அதுவும் ஊத்திக்கினே கீது. ஐயரு கீழ நின்னுகினு ஒவ்வொண்ணா திருகறாரு. திருகினா கொஞ்சம் கம்மியா ஊத்துது. அப்பறம் கோதுமை மாவு பெசைஞ்சி மூக்குல அடைச்சாரு. மாவு வழுக்கிக்கினு போச்சி. கந்தலைச் சுத்தினாரு. நிக்கல் கொழாய்க்குக் கோமணம் கட்டுன மாதிரி இருந்திச்சி. எனக்கு இந்த வேலை வேணாம் ஐயரே, உங்க தொட்டியும் வேணாம்னுட்டு எறங்கி வந்துட்டேன்."

டீக்கடை சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் என் கடைக்குள் அன்றைக்கு மொத்தக் கடை வசூல்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். ஐந்து மணி ரயிலுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு முக்காலியில் காலாட்டிக்கொண்டிருந்தார். கடன் கணக்கில் மற்றதெல்லாம் கட்டிவிட்டேன். குறைந்தது அந்த நாற்பத்திரண்டுதான். தாயம்மாளின் காதை நினைத்துக்கொண்டே ஆணியை எடை போட்டுக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், தெருவில் ஆள் குறைவாக இருக்கும் என்று பார்த்து, கணபதிசுப்பிரமணியன் வந்தார். வேட்டி முழங்கால்வரை ஈரம். வசூல்காரரை யாரோ கிராக்கி என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. குரல் தேனாக இருந்தது.

"ஆதிகேசவா, ராத்திரி ரயில்லே சம்பந்தி வர்றார்ப்பா. மெட்ராஸிலே ரப்பர்லே வாசர் போடறாளாமே?"

"ஆங். போடறாங்க. எங்கிட்டயும் கீது."

"போட்டுடேன்."

"அக்கா ரப்பருக்கு ஒத்துக்கினாங்களா?"

"அவ கிணத்து ஜலத்தோட இருந்துப்பா. எனக்குப் பாத்ரூம் நின்னா போறும்."

"ரப்பருக்குக் காசு வேணாங்க. உங்க பொண்ணு கல்யாணத்துக்கு என் மொய்யா இருக்கட்டும். குழாய்க்கு நாப்பத்திரண்டு ரூபா வெச்சிடுங்க, உடனே வர்றேன்."

"கல்யாணம் முடியட்டுமே."

"கல்யாணம் முடிஞ்சப்பறம் ரப்பர் போட்டுக்கலாங்க."

அவர் இடுப்பைத் தடவினார். "இருபத்தஞ்சு இருக்கு. இப்பவே வாங்கிக்கோ. தோல் இல்லாத குழாய்க்கு விலை குறையணுமோன்னோ? நியாயம் பாரு."

என் முதுகுக்குப் பின்னால் முக்காலி கிறீச்சிட்டது. இருபத்தைந்து என்றால் வசூல்காரரிடம் கெஞ்சிப் பார்க்கலாம். கம்மலையும் காப்பாற்றலாம். எனக்குக் கை பரபரத்தது உண்மை. அதை அவர் பார்க்கக் கூடாது என்று தராசுத் தட்டில் இன்னும் ஒரு பிடி ஆணியைப் போட்டேன்.

"சம்பந்திக்கு எலை போட்டா அரை எலைதான் போடுவீங்களா ஐயரே?"

"முப்பது. மிச்சத்துக்குக் கல்யாணத்தன்னிக்கு உன் குடும்பத்துக்கே சாப்பாடு."

"உங்க நெய்க் கரண்டி எனக்குத் தெரியுங்க."

வசூல்காரர் இருமினார். சிரிப்பை இருமலாக மாற்றினார் என்று எனக்குத் தெரிந்தது. எதிர்க்கடைக்காரரும் பங்காருவும் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். கணபதிசுப்பிரமணியன் தெருவைப் பார்த்தார். ஸ்டேஷன் பக்கம் பார்த்தார். நிக்கல் குழாயில் கந்தல் சுற்றியிருக்க, மெட்ராஸ்காரர் துண்டோடு நிற்பது அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மடியிலிருந்து சுருக்குப் பையை எடுத்தார். முடிச்சைப் பல்லால் அவிழ்த்தார்.

கையை நீட்டினேன். என் உள்ளங்கையில் தன் விரல் பட்டுவிடாதபடி ஒரு முழ உயரத்திலிருந்து பணத்தைப் போட்டார். ஐந்து ரூபாய் நோட்டு அப்படி விழாது. முதல் நோட்டு காற்றில் நழுவி ஆணிச் சாக்கில் போய் விழுந்தது. நான் குனியவில்லை. அவரே குனிந்து எடுத்தார். அப்புறம் கை தானாகத் தாழ்ந்தது. ஆறு நோட்டு. பிறகு ஒற்றை ரூபாய்களாக, ஒவ்வொன்றையும் விரலால் தேய்த்து இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துப் போட்டார். நாற்பதில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் பையைப் பார்த்தேன். நாற்பத்தொன்று. கடைசி ரூபாயை வைத்த பிறகும் அவர் விரல் அதை விடவில்லை. நான் கையை மூடாமல் காத்திருந்தேன். விட்டார்.