எட்னாவின் பீங்கான் கப்

எங்கள் கிராக்லி டவுன் கால்பந்துக் கிளப்பில் மேனேஜர்கள் வருவார்கள், போவார்கள். டீ ஊற்றுகிறவர் மட்டும் மாறியதில்லை. எட்னா பிக்கர்ஸ்கில், மில் லேன் தெருவில் இருக்கும் எங்கள் மைதானத்து டீக்கடைக்குள் நுழைந்தபோது எனக்குத் தலை நிறைய முடி இருந்தது.

அவர் பிறந்தது மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி. பள்ளி முடிந்த கையோடு நூற்பாலைக்குப் போனார். ஆலையை மூடியதும் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போனார். கணவர் ஃபிராங்க் ஒரு கால்பந்துப் பைத்தியம். கடையில் டீ ஊற்றும் அம்மாவுக்குக் காய்ச்சல், இந்த ஒரு சனிக்கிழமை மட்டும் நின்று கொடு என்று கெஞ்சிக் கூட்டி வந்தார். காய்ச்சல்காரி திரும்பி வரவேயில்லை. ஃபிராங்கும் பிற்பாடு போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஒரு சனிக்கிழமை இன்னும் முடிந்தபாடில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், எட்னா ஒரு ஆட்டத்தையும் பார்த்ததில்லை. குன்றுப் பக்கமிருந்து அடிக்கும் சாரல் டீயில் விழக்கூடாது என்று எவனோ ஒரு புத்திசாலி கடையை மைதானத்துக்கு முதுகு காட்டிக் கட்டிவிட்டான். ஆட்டம் எட்னாவுக்குப் பின்னால் நடக்கும். அவர் பார்ப்பதெல்லாம் எங்கள் மூஞ்சிகளைத்தான். ஆனாலும் சத்தத்தை வைத்தே எல்லாம் சொல்லிவிடுவார். "அந்த 'ஆ' நம்ம ஆளுங்க போட்டது இல்ல கண்ணு, எதிராளி கோல் போட்டுட்டான்" என்பார். தோற்கிற நாட்களில் சர்க்கரை சீக்கிரம் தீரும் என்பதும் அவர் கண்டுபிடிப்புதான்.

எங்களுக்கெல்லாம் காகிதக் கப்பில் டீ. எட்னாவுக்கு மட்டும் ஓரத்தில் நீலக் கோடு போட்ட ஒரு பீங்கான் கப், கல்யாணத்துக்கு வந்த செட்டில் மிஞ்சியது. பின்சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். ஒருமுறை, வேலை போன ஒரு மேனேஜர் கடைசியாக ஒரு டீ குடிக்க வந்தார். இறுக்கிப் பிடித்த பிடியில் காகிதக் கப் நசுங்கி டீ கையெல்லாம் கொட்டிவிட்டது. எட்னா மனசு கேட்காமல் தன் கப்பில் ஊற்றிக் கொடுத்தார். அடுத்து வேலை போனவருக்கும் அதே மரியாதை. மூன்றாவது ஆளுக்கு ஊற்றும்போது ஊருக்கே விஷயம் புரிந்துவிட்டது: மேனேஜர் கையில் பீங்கான் ஏறினால் அவர் கதை முடிந்தது.

இது எங்கள் தலைவர் கிளைவ் ஹாவொர்த்துக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது. கிளைவ் ஈமச்சடங்கு நிலையம் நடத்துகிறவர். இழவு வீட்டில் அவ்வளவு நயமாகப் பேசுவார். உயிரோடு இருக்கிற மேனேஜரிடம் வாய் வராது. ஆட்டத்துக்கு முன்னால் கடைக்கு வந்து, தொப்பியைக் கழற்றி, "எட்னா, இன்னைக்குப் பீங்கான்" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவார். எட்னா ஊற்றிக் கொடுப்பார். அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க யாரோடும் சரியாகப் பேச மாட்டார்.

"நான் டீ ஊத்துறவளா, தூக்குப் போடுறவளா?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். நான் சிப்ஸைத் தின்றுகொண்டே சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போன வருஷம் டேரன் ஹார்கர் மேனேஜராக வந்தான். உள்ளூர்ப் பையன். வாரநாட்களில் வீடுகளுக்குக் கூரை போடுகிறவன். வந்த முதல் வாரமே ஏணியைச் சாத்தி ஏறி டீக்கடைக் கூரையைச் சரிசெய்தான். அதுவரை மழை நாளில் எட்னா கடைக்குள்ளேயே குடை பிடித்துக்கொண்டுதான் டீ ஊற்றுவார். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை, அவனாகவே செய்தான். அன்றிலிருந்து எட்னாவுக்கு அவன் மேல் யாராவது ஒரு சொல் சொன்னால் பொறுக்காது.

சொல்லுக்குத்தான் பஞ்சமே இல்லையே. இலையுதிர்காலம் தொடங்கியதிலிருந்து நாங்கள் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை இடைவேளையில் இரண்டு கோல் பின்தங்கியிருந்தோம். ஆட்டம் முடிந்ததும் கமிட்டி கூடி டேரனைப் பற்றி முடிவெடுக்கும் என்று கிளைவ் அறிவித்திருந்தார். டீ வரிசை வாசல்வரை நீண்டது, எல்லாருக்கும் பேச ஒரு இடம் வேண்டுமே.

வரிசையின் முன்னால் நோரிஸும் ஆல்வினும். நோரிஸ் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். அவன் தங்கையைக் கட்டியவன் ஆல்வின். ஒருத்தன் மழை என்றால் மற்றவன் வெயில் என்பான்.

"அவனைத் தூக்கணும். இன்னைக்கே தூக்கணும்," என்றான் நோரிஸ்.

"தூக்கிட்டு? யாரைக் கொண்டாந்து நிறுத்தப் போற மச்சான்?"

"எங்கம்மாவை நிறுத்தினாக்கூட இவனைவிட நல்லா நடத்தும்."

"அது வாஸ்தவம். எங்க மாமியாரைத் தாண்டி ஒரு வார்த்தையே போகாது, பந்து எங்க போகப் போகுது."

வரிசை சிரித்தது. நோரிஸுக்குச் சூடேறிவிட்டது. "சிரிங்க, சிரிங்க. கூரையில ஓட்டை அடைக்கத் தெரியுது, பின்வரிசையில இருக்கிற ஓட்டையை அடைக்கத் தெரியலையே அவனுக்கு. அந்த கோல் கீப்பரைப் பாத்தீங்களா? பந்து வந்தா விருந்தாளி வந்த மாதிரி வழிவிடுறான்."

"கண்ணு," என்றார் எட்னா. அவர் கண்ணு என்று எல்லாரையும்தான் சொல்வார். இந்தக் கண்ணில் கொஞ்சம் காரம் இருந்தது. "நீ பஸ் ஓட்டின காலத்துல நான் கை காட்டக் காட்ட ஸ்டாப்பைத் தாண்டிப் போவியே, உன்னை யாராச்சும் தூக்கினாங்களா?"

"அது வேற, இது வேற எட்னா."

"என்ன வேற? மழையில நனைஞ்சது நான்தானே. நீ பென்ஷன் வாங்கிட்டு ஜம்முன்னு நிக்குற. அந்தப் புள்ள வெயில்ல மழையில கூரை மேல நின்னுட்டு, சாயங்காலம் உங்க பசங்களுக்குப் பந்து சொல்லிக் குடுக்கிறான். அவனைத் தூக்குறதுக்கு உனக்கு நாக்கு எப்படி வருது?"

இதைச் சொல்லும்போது கரண்டியால் கடையின் முன்பலகையில் ஒரு தட்டு தட்டினார். அந்த நேரம் பார்த்து, இரண்டாம் பாதிக்கு விசில் அடிக்கும் முன் ஒரு டீ வாங்கிப் போக டேரன் பக்கவாட்டில் வந்து நின்றான். எட்னா அவன் கையைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. பார்வை முழுக்க நோரிஸ் மேல். காகிதக் கப் அடுக்கி வைக்கும் குழாய்க்குள் கையை விட்டார். வரிசை நீண்டதில் அது காலி. பேச்சு நிற்கவில்லை. கை பின்னால் போய்த் தட்டுப்பட்டதை எடுத்தது, டீயை ஊற்றியது, நீட்டியது.

டேரன் கப்பைப் பார்த்தான். பிறகு, "நன்றி எட்னா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ஒரு துளி சிந்தாமல் மைதானத்தை நோக்கி நடந்தான்.

வரிசையில் இருந்த தலையெல்லாம் அவன் பின்னால் திரும்பியது. எட்னா மட்டும் இன்னும் நோரிஸைத் திட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் தன் பின்சுவரையே பார்ப்பதைக் கண்டு திரும்பினார். ஆணி வெறுமனே இருந்தது.

"ஐயோ," என்றார்.

இதற்குள் செய்தி மைதானத்தைச் சுற்றி வந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர்களின் குணம் உங்களுக்குத் தெரியாது. உட்கார்ந்திருப்பவனைக் கல்லால் அடிப்பார்கள். எழுந்து போகிறான் என்றால் கண் கலங்குவார்கள். முதலில் கலங்கியவன் நோரிஸ்.

"மேட்ச் நடக்கும்போதேவா? மனுஷத்தனம் வேணாமா? நம்ம ஊர்ப் புள்ளைய்யா அவன்."

"தூக்கச் சொன்னதே நீதானய்யா," என்றேன் நான்.

"தூக்கச் சொன்னேன். இப்படியா தூக்கச் சொன்னேன்?"

அவன் வேலியோரம் போய் நின்று டேரன் பெயரைச் சொல்லிப் பாடத் தொடங்கினான். குரல் கேட்கச் சகிக்காது, ஆனாலும் கூட்டம் பிடித்துக்கொண்டது. மச்சான் அந்தப் பக்கம் போய்விட்டதால் ஆல்வின் இந்தப் பக்கம் வந்து, "தூக்கினது சரிதான், எனக்கு ஆரம்பத்துலேயே தெரியும்" என்றான். கிளைவ், நான் எதுவுமே செய்யவில்லை என்று ஒவ்வொருவராகப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், அவர் முகம் எப்போதும் சாவு வீட்டு முகம், எவனும் நம்பவில்லை.

டேரனோ எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தவன் போலத் தன் ஆட்களிடம், இஷ்டத்துக்கு ஆடுங்கடா என்று சொல்லிவிட்டான். பையன்கள் தறிகெட்டு ஓடினார்கள். ஓடிய ஓட்டத்தில் எங்கள் கணக்கில் ஒரு கோலும் விழுந்துவிட்டது.

எட்னாவுக்கு அந்தக் கோல் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. "அவன் கேக்க மாட்டான்," என்றார் என்னிடம். "வாய் திறந்து ஒரு வார்த்தை கேக்க மாட்டான். விசில் அடிச்சதும் எல்லார் கையையும் குலுக்கிட்டு வண்டியில ஏறிப் போயிடுவான். அப்புறம் கூப்பிட்டாலும் வர மாட்டான். நானே அவன் வேலையைப் பறிச்சுட்டேனே." கண் நிறைந்திருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

பிறகு சட்டென்று பலகைக்கு வெளியே கையை நீட்டி, பாட்டுக்கு நடுவே டீக்குச் சர்க்கரை கேட்டு வந்து நின்ற நோரிஸைத் தோளைப் பிடித்து இழுத்தார். அவன் கையிலிருந்த காகிதக் கப்பைப் பிடுங்கி, மிச்ச டீயைக் கீழே கொட்டி, வெந்நீர் விட்டு அலசினார்.

"ஏய், என் டீ எட்னா."

"உனக்கு அப்புறம்."

கடைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். ஆட்டம் நடக்கும்போது எட்னா வெளியே வருவதை மைதானம் முதல் முறையாகப் பார்த்தது. ஏப்ரனோடு வேலியைத் தாண்டி, கோட்டு ஓரமாகவே நடந்தார். கொடி பிடித்த நடுவர், இங்கே வரக்கூடாது என்று கையை வீசினார். "நீ உன் கொடியைப் பாரு கண்ணு" என்று அவரை விலக்கிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

டேரன் பெஞ்சு அருகே பீங்கான் கப்பை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தான். டீயில் பாதி அப்படியே இருந்தது.

"அந்தக் கப்பைக் குடு," என்றார் எட்னா.

"முடிச்சுட்டுத் தரேனே."

"இப்பவே குடு. அது என் கப்பு. காகிதக் கப் தீந்து போச்சு, அந்த மரமண்டையோட பேசிக்கிட்டே பாக்காம ஊத்திட்டேன். உன்னை யாரும் தூக்கலை."

"கிளைவ் ஒண்ணும் சொல்லலையா?"

"ஒண்ணும் சொல்லலை. என் கை செஞ்ச வேலை."

டேரன் அவரைப் பார்த்தான், கப்பைப் பார்த்தான். நீட்டினான். எட்னா ஊர் பார்க்க, மெதுவாக, பீங்கானிலிருந்து காகிதத்துக்கு டீயை மாற்றினார். அந்த நேரம் அவர் முதுகுக்குப் பின்னால் எங்கள் ஆள் ஒருவன் முப்பது கெஜ தூரத்திலிருந்து அடித்த பந்து வலைக்குள் போனது. மைதானமே குதித்தது. எட்னா திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"நம்மளுதா?" என்றார்.

"நம்மளுதுதான்," என்றான் டேரன். சிரிப்பை அடக்க முடியாமல் காகிதக் கப்பை உயர்த்திக் காட்டினான்.

கூட்டம் அதைப் பார்த்தது. ஆள் போகவில்லை என்று புரிந்தது. பாட்டு நின்றது. வேலியோரமிருந்து நோரிஸின் குரல் கேட்டது: "அந்த இடதுபக்கத்துக்காரனை மாத்துய்யா. மூளை இருக்கா உனக்கு?"

டேரன் வேலைக்குத் திரும்பினான். பையன்களைப் பழையபடி ஒழுங்காக நிற்க வைத்தான். ஒழுங்காக நின்று மூன்றாவது கோலை வாங்கி நாங்கள் தோற்றோம்.

ஆட்டம் முடிந்து எட்னா கப்பைக் கழுவிக்கொண்டிருந்தார், நான் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கிளைவ் வந்தார். தொப்பியைக் கழற்றினார். கமிட்டி கூடிவிட்டது என்று அந்தத் தொப்பியே சொல்லியது.

"எட்னா, முடிவாயிடுச்சு. செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வருவான். அப்போ பீங்கான்."

எட்னா கப்பைத் துணியால் சுற்றிச் சுற்றித் துடைத்தார். நீலக் கோட்டை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு பலகைக்கு வெளியே, சிமெண்ட் தரைக்கு மேலே நீட்டி, கையை விட்டார்.

கப் நாலைந்து துண்டானது.

"கை தவறிடுச்சு," என்றார் எட்னா. "இனிமே நீங்களே வாயால சொல்லுங்க கிளைவ். டேரன் வீடு தெரியும்ல? பச்சைக் கதவு."

கிளைவ் துண்டுகளைப் பார்த்தார், தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "சொல்றேன்," என்றார். "நேர்லயே சொல்றேன்."

இது நடந்தது குளிர்காலத் தொடக்கத்தில். இப்போது மரமெல்லாம் துளிர்த்துவிட்டது. நோரிஸ் சந்தையில் ரோஜாப்பூப் போட்ட புதுப் பீங்கான் கப் ஒன்று வாங்கி வந்து பலகையில் வைத்தான். எட்னா நன்றி சொல்லி வாங்கி, அதில் டீக்கரண்டிகளைப் போட்டு வைத்திருக்கிறார். அவர் குடிப்பது எங்களைப் போலக் காகிதக் கப்பில். கிளைவ் இரண்டு தடவை பச்சைக் கதவுவரை போனாராம். முதல் தடவை வானிலை பற்றிப் பேசிவிட்டு வந்தார். இரண்டாம் தடவை தன் வீட்டுக் கூரை ஒழுகுவதைச் சொல்லிவிட்டு வந்தார், டேரனும் போய்ச் சரிசெய்து கொடுத்தான்.

நாங்கள் இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறோம். டேரன் இன்னும் மேனேஜர்.