சிரிப்புப் பிரிவில் அப்பா

டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் செய்தி இணையதள ஆபீஸில் அவளை எல்லோரும் ‘டெம்ப்ளேட் அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். சமையல், விளையாட்டு, அஞ்சலி, சிரிப்பு என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி டெம்ப்ளேட், அதாவது பக்க அச்சு, செய்தவள் அவள்தான். அஞ்சலி என்று குறித்தால் சாம்பல் நிறக் கட்டம். விளம்பரம் கிடையாது, கருத்துப் பெட்டி மூடியிருக்கும். சிரிப்பு என்றால் மஞ்சள் பின்னணி, தானாக ஓடும் வீடியோ, கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். பிரிவை மாற்றினால் போதும், பக்கமே மாறிவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் அப்பாவைத் தெருநாய் துரத்தியது. ஒரு கடையின் கேமராவில் அது பதிவாகியிருந்தது. குடை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் பறக்க ஓடிய எழுபது வயது மனிதர், மூடாத சாக்கடையில் தலைகுப்புற விழுந்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. அழுதுகொண்டே நாலு வரி எழுதி, அஞ்சலியில் போட்டாள்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது, அம்மா பக்கத்து வீட்டுக்காரியின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் பக்கம். அப்பா ஓடினார், விழுந்தார், மறுபடி ஓடினார்.

“ஏண்டி, உங்க ஆபீஸ்தானே இது? கீழ இவ்ளோ சிரிக்கிற மூஞ்சி இருக்கே, யாரு வச்சது?”

“அது கம்ப்யூட்டரே வச்சிக்கும்மா.”

குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு முதலாளிக்குப் போன் போட்டாள்.

“சார், அது எங்கப்பா.”

“தெரியும்மா. அஞ்சலியில அறுபது பேர்கூடப் பார்க்கல. வீடியோவச் சேர்த்து சிரிப்புல மாத்தினேன், பிச்சிக்கிட்டுப் போகுது.”

“எடுத்துடுங்க சார். அம்மா பார்த்துட்டாங்க.”

“அவங்ககிட்ட எதுக்கும்மா போனைக் குடுக்குறீங்க?”

தானே எடுத்துவிடலாம் என்று தளத்துக்குள் நுழையப் பார்த்தாள். அவளுடைய கடவுச்சொல்லை முதலாளி மாற்றிவிட்டிருந்தார்.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் வேலைக்குப் போனாள். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். முதலாளி நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சாவுதான், ஆனா பார்க்கச் சிரிப்பா இருக்கும். அந்த மாதிரி வீடியோ நிறைய வருது. அதுக்குன்னு தனிப் பிரிவு, தனி டெம்ப்ளேட் போட்டுடு. மேல சாம்பல் கட்டம், கீழ சிரிக்கிற மூஞ்சி. உன்னைவிட்டா யாரு செய்வா?”

“செஞ்சா அப்பா பதிவை எடுத்துடுவீங்களா?”

“முதல்ல செய். பார்க்கலாம்.”

டெம்ப்ளேட் பகுதியை மட்டும் அவர் அவளுக்குத் திறந்துவிட, மத்தியானத்துக்குள் செய்து முடித்தாள். பிசிறில்லாமல் வந்திருந்தது. சோதித்துப் பார்க்க முதலாளி அவள் அப்பாவின் பதிவையே அதில் ஏற்றினார். சாம்பல் கட்டத்துக்குள் அப்பா ஓடினார்.

“சிரிக்கிற மூஞ்சி சின்னதாத் தெரியுதும்மா.”

அவள் பெரிதாக்கினாள்.