காதர் பாய் கொடுத்த நற்சான்று

வீட்டுக்கடன் கேட்டிருக்கிறேன். பழைய பைக் லோனை இழுத்தடித்துக் கட்டியதை மேனேஜரிடம் முன்னாடியே ஒப்புக்கொண்டாச்சு.

இன்னைக்கு பேங்க்கில் இருந்து ஒருத்தர் விசாரிக்க நாகலூர் வந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு நேரே மளிகைக்கடை காதர் பாயிடம் போனார்.

"ஏனுங்க, இவரு ஆள் எப்படி?"

பாய் என்னைக் காப்பாற்றியே தீருவதென்று இறங்கிவிட்டார்.

"நொம்பத் தங்கமான மனுசனுங்க. லாக்டவுன்ல எங்கிட்ட வெச்ச பாக்கிய, மூணு வருசம் கழிச்சும் மறக்காம வந்து குடுத்தாருங்க."

வந்தவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். "வேற யாருக்காச்சும் இவரைத் தெரியுங்களா?"

"ஊருக்கே தெரியுமுங்க. யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவாங்க."

நாளைக்கும் வருகிறாராம். நாகலூரில் நான் கடன் வாங்காத யாராவது இதைப் படித்தால், காலையில் பத்து மணிக்குக் கடைப்பக்கம் வந்து சும்மா நில்லுங்கள்.