காதில் விழாத துடக்கு

நயினாதீவில் கைலாசநாதக் குருக்களைத் தேடி யாரும் அலைந்ததில்லை. அவர் எங்கேயும் போனால்தானே! தெற்குக் கரையில் உள்ள சின்னப் பிள்ளையார் கோயிலுக்கு அவர் ஒருவர்தான் ஐயர். மூன்று நேரப் பூசை. காலைப் படகில் யாழ்ப்பாணம் போனால் மத்தியானப் பூசை தவறும்; மத்தியானம் போனால் பின்னேரப் பூசை தவறும். பத்தொன்பது வருடமாக அவர் தீவுக்கு வெளியே ஓர் இரவு படுத்ததில்லை. "உங்களுக்கென்ன ஐயா, பிள்ளையாரோட இருக்கிறியள்" என்று கும்பிட வருகிறவர்கள் சொல்வார்கள். பிள்ளையாருக்காவது ஏறிப்போக எலி இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது என்று குருக்கள் மனதுக்குள் முணுமுணுப்பார்.

அவருக்கு இருந்தது ஒரு றேடியோ; பாட்டுக் கேட்கிறதல்ல, உலகத்தில் உள்ள மற்ற றேடியோக்காரர்களோடு தொடர்பு கொள்கிறது. கனடாவில் இருக்கிற அண்ணன் கிருபானந்தன் அனுப்பியது. அண்ணனும் இதே கோயிலில் மணி அடிக்க வேண்டியவர்தான். முந்திக்கொண்டு பிளேன் ஏறிவிட்டார். தம்பியை மாட்டிவைத்துவிட்டோமே என்ற மனக்குறையோ என்னவோ, அவரைச் சோதனை எழுத வைத்து, அனுமதிப்பத்திரம் எடுப்பித்து, பெட்டியையும் அனுப்பினார். முற்றத்துத் தென்னைகளுக்கு நடுவே இழுத்த ஏரியல் கம்பியை உடுப்புக் காயப்போடுகிற கொடி என்றுதான் அயலவர்கள் நினைத்தார்கள்.

இந்த றேடியோவில் பேச்சே இல்லை. கொம்பியூற்றரில் தட்டுகிற எழுத்து கிலுகிலுவென்ற சத்தமாகி வானத்தில் போய், எங்கேயோ ஒருவரின் திரையில் மறுபடி எழுத்தாக விழும். வருடத்தில் ஒரு சனி ஞாயிறு உலகம் முழுவதற்கும் போட்டி. யார் கூடுதலான ஆட்களைப் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. ஒருவருக்கொருவர் அனுப்புவது தன் அடையாளக்குறி, நன்றாகக் கேட்கிறது என்பதற்கு ஓர் எண், தன் பகுதிக்குரிய எண், அவ்வளவுதான். ஏன் இன்னும் அங்கேயே கிடக்கிறாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். இலங்கைக்காரர் அரிது என்பதால், குருக்கள் ஒருதரம் கூப்பிட்டால் இத்தாலியும் ஜப்பானும் பிறேசிலும் முண்டியடித்துக்கொண்டு வரும். அந்த நேரத்தில் அவருக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும்.

இந்த வருடம் கோயிலில் கும்பாபிஷேகம் முடிந்து மண்டலாபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. நாற்பத்தெட்டு நாள்; ஒரு நாளும் தவறக்கூடாது. குருக்களின் பங்காளிகள் யாருக்காவது ஏதும் நடந்து, அந்தச் சாவுச் செய்தி அவர் காதில் விழுந்தால் துடக்கு, அதாவது தீட்டு. கோயிலுக்குள் கால் வைக்கமுடியாது. பதிலுக்கு வரக்கூடிய வேலணைக் குருக்களும் அதே பங்காளிதான். ஆகவே பூசை நின்றுபோகும்.

போட்டிச் சனிக்கிழமை நாற்பத்தோராம் நாள். அதற்கு முதல் வியாழக்கிழமை மனைவி சௌந்தரநாயகிக்கு முழங்கால் வருத்தம் வந்தது.

"இஞ்சருங்கோ, என்னால மடைப்பள்ளிக்கு நடக்க ஏலாது. நைவேத்தியத்தை நீங்களே பொங்குங்கோ. உங்களுக்கும் கோயில் சோறு காணும்தானே."

போன் பழுது என்று அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியும் விட்டாள். போட்டி வருகிற சந்தோஷத்தில் குருக்களுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

சனி பின்னேரம் தீபாராதனை கொஞ்சம் அவசரமாகத்தான் நடந்தது. பொழுதுபடுகிற நேரம் ஒரு மணித்தியாலம்தான் கனடா நன்றாகக் கேட்கும். அண்ணன் ஏழு மணிக்கு வருவார். எட்டு வருடம் தவறியதில்லை. போன வருடம் நெஞ்சில் ஒப்பரேசன் செய்த கையோடும் வந்தவர். எண்களை அனுப்பிவிட்டு, போட்டி விதியையும் மீறி, "சாப்பிட்டியோ" என்று ஆங்கில எழுத்தில் தட்டுவார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் குருக்கள் வருடம் முழுவதும் காத்திருந்தார் என்று சொன்னால் பொய்யில்லை.

ஏழு மணிக்கு மற்றக் கனடாக்காரர்கள் வந்தார்கள். அண்ணன் வரவில்லை. ஏழேகாலுக்குக் குருக்கள் அண்ணனின் குறியைத் தட்டிக் கூப்பிட்டார். மூன்றுதரம் கூப்பிட்டார். வெறும் இரைச்சல் கண்டபடி எழுத்துகளாகத் திரையில் விழுந்தது. அதற்குள்ளும் அந்தச் சொல் இருக்குமோ என்று தேடினார்.

அப்போதுதான் காலையில் கண்டது நினைவுக்கு வந்தது. முழங்கால் வருத்தக்காரி கிணற்றிலிருந்து இரண்டு வாளி தண்ணீரைக் கொண்டுபோனாள். நொண்டவில்லை. அப்படியானால் அவள் ஏன் மடைப்பள்ளிக்கு வரவில்லை? துடக்குள்ளவள் சாமி சோற்றைத் தொடமாட்டாள். குருக்கள் போன் இருந்த அலுமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

எழுந்து குசினி வாசலுக்குப் போனார். சௌந்தரநாயகி சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். அவரைக் கண்டதும் தாங்கமுடியாமல் வாய் திறந்தாள்.

"இஞ்சருங்கோ, உங்கட அண்ணை..."

"சொல்லாதையும்!" குருக்கள் கையை உயர்த்தினார். "மண்டலம் எண்டைக்கு முடியுது?"

"வாற சனி."

"அப்ப வாற சனி சொல்லும்."

அவள் தலையாட்டினாள். குருக்கள் திரும்பிப்போய்க் கதிரையில் இருந்தார். அழமுடியாது, அழுதால் தெரிந்ததாகிவிடும். கனடாவிலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எண்களைத் தட்டி அனுப்பினார்.

அடுத்தநாள் விடிய முதலே குளித்துவிட்டுக் கோயில் கதவைத் திறந்தார். அபிஷேகத்துக்கு வந்திருந்த ஒருவர், "அண்ணை சுகமாய் இருக்கிறாரோ ஐயா?" என்று கேட்டார்.

"ஓம், சுகமாய் இருக்கிறார்" என்றார் குருக்கள்.