நாற்பத்து நான்கு சுற்று

சவரிமுத்து சார் போய்விட்டார். பூதலூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தவர். இன்று காலை, தூக்கத்திலேயே.

எட்டு மணியிலிருந்து என் டைம்லைன் முழுக்க மெழுகுவர்த்தி. "எங்களை உருவாக்கிய குரு" என்று ஒருவர் போட்டிருக்கிறார். குருவாம்... அந்த ஆள் அங்கே வேலை பார்த்ததே மூன்று வாரம்.

நான் ஒரு வருஷம் இருந்தேன். ஐடிஐ முடித்துவிட்டு, முறையாகப் பதிவு செய்த அப்ரெண்டிஸ். மாதம் பிறந்தால் ஸ்டைபெண்ட் டாண் என்று வந்துவிடும், அதில் குறை சொல்ல மாட்டேன். சம்பளமும் கொடுத்து, தொழிலும் தெரியாமல் பார்த்துக்கொண்ட மனிதர். அதற்கும் ஒரு திறமை வேண்டுமே!

கருகிய மோட்டாரைப் பிரித்தால், பழைய காயிலில் எத்தனை சுற்று என்று முதலில் எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கைதான் தொழிலே. சார் எண்ண உட்காரும்போதெல்லாம் எனக்கு ஒரு வேலை முளைக்கும். பேரிங் வாங்கி வா. வார்னிஷ் இருக்கிறதா பார். ஒன்றும் கிடைக்காவிட்டால், வாசலில் தண்ணீர் தெளி.

புதுக் காயில் சுற்றும் மெஷினில் எண் காட்டும் மீட்டர் உண்டு. சுற்றி முடித்த கையோடு அதைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டுத்தான் எழுந்திருப்பார். கடைக்கு வருகிறவர்களிடம், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க இதெல்லாம், கையெழுத்து நல்லாருக்கு, பில்லு போடட்டும்" என்பார். அவர்களும் சிரிப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பில் போட்டேன்.

ஆனால் அந்த மெஷினின் கைப்பிடி ஒவ்வொரு சுற்றுக்கும் டக் என்று சத்தம் போடும். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்து, காயிலுக்கு அடியில் வைக்கும் பேப்பரை வெட்டிக்கொண்டே, காதால் எண்ணினேன். நம் பக்கம் அதிகம் ஓடுகிற அந்த அஞ்சு ஹெச்பி மோட்டார் என்றால் நாற்பத்து நான்கு. எத்தனை வந்தாலும் நாற்பத்து நான்குதான்.

வருஷம் முடிந்தது, சர்டிபிகேட் வாங்கினேன், கடை போட்டேன். முதல் மோட்டார் கோவிந்தராசு அண்ணனுடையது, அதே அஞ்சு ஹெச்பி. குறுவைக்கு நாற்று விட்டிருந்தார். ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை, போர்வெல்லை நம்பித்தான் நாற்றங்கால்.

பிரித்து எண்ணினேன். ஐம்பது வந்தது. மறுபடி எண்ணினேன், ஐம்பதேதான். எவனோ தொழில் தெரியாதவன் சுற்றியிருக்கிறான் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு நாற்பத்து நான்கு போட்டேன். எனக்குத்தான் ரகசியம் தெரியுமே... மக்கு.

சுற்றைக் குறைத்தால் செம்புக் கம்பி மிச்சம். மோட்டார் முதலில் ஜோராகத்தான் ஓடும், உள்ளே சூடேறிக்கொண்டே இருக்கும். சார் கைபட்ட மோட்டார் அடுத்த போகத்துக்குள் திரும்பி வந்துவிடும். கரண்ட் சரியில்லை என்று சொல்லி இன்னொரு தடவை சுற்றுவார். அவர் பிழைப்பே அதுதான் என்று எனக்கு உறைத்தது, நான் சுற்றிய மோட்டார் ராப்பகலாக ஓடி ஐந்தாம் நாள் புகைந்த பிறகுதான்.

நாற்றங்கால் வெடித்துவிட்டது. அண்ணன் என்னைத் திட்டவில்லை. காய்ந்த நாற்றில் ஒரு பிடி கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். ஷட்டரை இறக்கிவிட்டு அழுதேன். அதன்பிறகு நான்கு மாதம், என் கடைக்கு ஒரு மோட்டார் வரவில்லை.

சாரிடமே போய்க் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நான் உனக்கு எண்ணிக்கை சொன்னேனா?"

சொல்லவில்லைதான். பேச்சில் மட்டும் நியாயஸ்தர்.

போன மாதம் லோடு ஆட்டோவில் ஒரு மோட்டாரை ஏற்றிக்கொண்டு என் கடைக்கே வந்தார். கண் மங்கிப்போய், அவர் கடையை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. இது அவருடைய சொந்த வயல் மோட்டார். அதுவும் அஞ்சு ஹெச்பிதான். நாற்காலி போட்டேன், டீ சொன்னேன். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

பிரித்தேன். காயிலைக் கட்டியிருந்த நூல் முடிச்சு அவர் கை முடிச்சு, எனக்குத் தெரியாதா? எண்ணினேன். ஐம்பது. தனக்கென்று வரும்போது ஒன்றுகூடக் குறையவில்லை.

அவராகத்தான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"பழசுல என்ன இருக்கோ அதப் பாத்து சுத்தும்மா. அப்ப முதுகக் காட்டிகிட்டு காதால எண்ணுவியே, அத வச்சு சுத்திடாத."

தெரிந்திருக்கிறது. நான் எண்ணுகிறேன் என்று தெரிந்தே, ஒரு வருஷம் முழுக்க அந்தக் கைப்பிடியைச் சுற்றியிருக்கிறார்... நான் கடை போட்டு அசிங்கப்படப் போவதும் தெரிந்திருக்கிறது. சீ!

ஐம்பது சுற்றித்தான் கொடுத்தேன். அந்த வயலைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் என்ன பாவம் செய்தார்?

அடக்கம் சாயங்காலம் நான்கு மணிக்கு, மாதா கோயில் கல்லறையில். போகிறவர்கள் போங்கள். நான் வரவில்லை, கடையில் இரண்டு மோட்டார் பிரித்துக் கிடக்கிறது.

சார்... போயிட்டு வாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. போங்க.